ஒம்போது பன்னெண்டு

இல்ல சார், நான் கத்தல. என் தொண்டையே இப்பிடித்தான். காட்டுக்கு இந்தக் கடைசில நின்னுக்கிட்டு அந்தக் கடைசில இருக்குற ஆளுகிட்டப் பேசிப் பேசி வளந்த தொண்ட. மெதுவாப் பேசுனா எங்கம்மா மேலுக்குச் சரியில்லையான்னு கேப்பா. நீங்க அந்த ஃபார்ம மடிச்சு வைங்க மொதல்ல. அஞ்சு நட்சத்திரம் போட்டு, எத்தனைய நெரப்புவீங்கன்னு கேட்டுருக்கே, அது எனக்கு வேணாம். காணாமப் போன லேப்டாப்பத் தேடிக் குடுக்குற உங்க டேஷ்போர்டுக்கு நான் எத்தன குடுப்பேன்னு எழுத அதுல எடமும் பத்தாது.

எனக்கு முன்னாடி இருவது பேரு உள்ள வந்தாகள்ல, என்ன சொன்னாகன்னு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கலரு சூப்பரா இருக்கு, எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா நல்லது. அம்புட்டுத்தான? அவுக லேப்டாப்பு எதுவும் காணாமப் போனதில்ல சார். குடை வாங்குனவன மழை பெய்யாத ஊருல போயி குடை எப்பிடி இருக்குன்னு கேக்குற மாதிரி இருக்கு நீங்க கேக்குறது.

பேரா? காளீஸ்வரி. பிஎஸ்ஸி கம்ப்யூட்டரு, மூணாம் வருசம். ஊரு பரளச்சி.

ஆ, இந்தா பாத்தீங்களா, பேரச் சொன்னதும் முழிக்கிறீங்க. அந்தக் கேஸேதான். காலைல ஆடிட்டோரியத்துல படம் போட்டுக் காட்டுனீங்களே, திருடு போன கம்ப்யூட்டர முப்பது மணி நேரத்துல மீட்டோம்னு, பெருசா ஒரு பச்ச டிக்கு போட்டு. அது காலேஜுல எனக்குக் குடுத்த லேப்டாப்பு. தெருப் பேர மறைச்சுத்தான் போட்டீங்க, பாத்தேன். மறைச்சா எங்களுக்குத் தெரியாதாக்கும்? முன்னூறு பேரும் ஒரே நேரத்துல திரும்பி ஷஹீனா உக்காருற எடத்தப் பாத்தாக. எடம் காலியாத்தான் கெடந்துச்சு. மூணு வாரமா காலி.

ஷஹீனா யாருன்னா கேக்குறீங்க? உங்க பச்ச டிக்கு உக்காந்துருக்குற வீட்டுக்காரி சார். என் கூடப் படிக்கிறவ. திருச்சுழி. அவுக அத்தா, அப்பாதான், சவுதில லாரி ஓட்டுறாக. மொத வருசத்துல இருந்து ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸு. எனக்கு வாய் அதிகம், அவளுக்கு மண்ட அதிகம். நான் சண்ட போடுவேன், அவ பரீட்ச எழுதுவா. அப்பிடி.

நேராச் சொல்லுறேன், கேட்டுக்கங்க. என் லேப்டாப்ப யாரும் திருடல. அது எங்க வீட்டுலதான் இருந்துச்சு. கொத்தமல்லி மூட்டைக்குள்ள.

சிரிக்காதீங்க. சிவராத்திரி வருதுன்னா எங்க ஊரே பூட்டிக்கிட்டுக் கெளம்பிரும். குலசாமி கும்பிடணும்ல. வருசத்துல அந்த ஒரு நாளு தெருவுல நாயும் கோழியுந்தான் இருக்கும். களவாணிக்கும் அது தெரியும். அதனால பொம்பளைக அவுகவுக பொருள அவுகவுகளுக்குத் தெரிஞ்ச எடத்துல சொருகிட்டு வருவாக. எதுத்த வீட்டு அக்கா கம்மல அரிசிப் பானைக்குள்ள போட்டு வைக்கும். எங்கம்மாகிட்டக் கம்மலு காதுல கெடக்குறதோட சரி. வீட்டுலயே பெரிய பொருளு என் லேப்டாப்புதான். நாங்க எல்லாம் லோடு ஆட்டோல ஏறி உக்காந்து ஹாரன் அடிக்கிறோம், தங்கத்தாயி மட்டும் உள்ள என்னமோ செஞ்சுக்கிட்டு இருக்கா. ஆமா, எங்கம்மா பேருதான் தங்கத்தாயி. லேப்டாப்ப வேட்டித் துணில சுத்தி, புதுசா அடிச்ச மல்லி மூட்டைக்குள்ள பொதச்சு, மேல மல்லியப் பரப்பி, சாக்கத் தச்சுட்டு வந்துருக்கா. தச்சுட்டு சார்! யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. சொன்னா எந்தங்கச்சி ஊரெல்லாம் பரப்பிருவாளாம்.

சாமி கும்பிட்ட மக்கா நாளு நானும் அப்பாவும் திரும்பிட்டோம். அம்மா கமுதிப் பக்கம் எங்க சித்தி வீட்டுல ஒரு நா தங்கிட்டு வாரேன்னு நின்னுட்டா. அவகிட்ட இருக்குறது பட்டன் போனு, அது செத்துக் கெடக்கு. நான் வந்து அலமாரியத் தெறந்து பாக்குறேன், லேப்டாப்பு இல்ல. பூட்டு ஒடையல. ஓடு பிரிக்கல. என் ப்ராஜெக்டு மொத்தமும் அதுலதான் கெடக்கு.

அப்பத்தான் சார் உங்க பக்கத்தத் தெறந்தேன். போன்ல. ரெண்டு பட்டனு. ஒண்ணு, தொலைந்துவிட்டது. இன்னொண்ணு, திருடப்பட்டது. அதுக்கு மேல ஒரு மனுசனுக்கு எதுவும் நடக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. தொலைந்துவிட்டதுன்னு அமுக்குனா நாலு பக்கம் வருது. எப்பிடித் தொலச்ச, எதனால கவனமில்லாம இருந்த, அப்பாவக் கூட்டிட்டு வா, கையெழுத்துப் போடு. எங்கப்பா சங்கையாவ நீங்க பாத்ததில்ல. பொட்டப் புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு, நிப்பாட்ட மூணு வருசமா ஒரு காரணம் தேடிக்கிட்டு இருக்குற மனுசன். திருடப்பட்டதுன்னு அமுக்குனா? ஒண்ணுமில்ல. ஆமாவா இல்லையான்னு ஒரு கேள்வி. ஆமா. முடிஞ்சது. நீங்களே சொல்லுங்க, எத அமுக்குவீங்க?

இத எழுதிக்கங்க. மூணாவதா ஒரு பட்டனு வேணும். இன்னும் தெரியல, தேடிக்கிட்டு இருக்கோம்னு. அம்புட்டுத்தான். கம்ப்யூட்டரு படிச்ச நூறு பேரு ஒரு ரூமுல உக்காந்து யோசிச்சும் இது ஒருத்தருக்கும் தோணலையா? ஒருத்தரு வீட்டுலயும் அம்மா கெடையாதா?

கீழ பொடி எழுத்துல ஒண்ணு போட்டுருக்கீங்க, அதையும் வாசிச்சேன். பொய்யான புகார் அளித்தால் ஒழுங்கு நடவடிக்கை. வாசிச்சுட்டுத்தான் அமுக்குனேன். அப்ப அது எனக்குப் பொய்யாத் தெரியல.

தண்ணி இருக்கா? குடுங்க.

சரி, புள்ளிக்கு வாரேன். எங்க லேபு இன்சார்ஜு மாரீஸ்வரன் சாரு அன்னைக்குச் சாயங்காலம் உங்க மேப்பத் தெறந்து பாத்துருக்காக. திருச்சுழில ஒரு தெருவு, அதுல ஒரு வீடு, வீட்டு மேல குத்துன மாதிரி ஒரு செவப்புப் புள்ளி. பாத்தா அது ஷஹீனா வீடு. லேப்டாப்பு பரளச்சில மல்லிக்குள்ள தூங்குது. புள்ளி திருச்சுழில முழிச்சிக்கிட்டு இருக்கு. எப்பிடின்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க பாப்போம்.

ஆமா. வைஃபை பெட்டி. ஓ, அப்ப உங்களுக்குத் தெரியும்! எனக்கு அதக் கண்டுபிடிக்க நாலு நாளு ஆச்சு. சிம்மு போடுற வைஃபை பெட்டி சார். அவுக அத்தா சவுதில இருந்து முகம் பாத்துப் பேசணும்னு வாங்கி வச்சது. போன தீபாவளிக்கு அவுக வீட்டுக்கு கேபிள் லைன் வந்துருச்சு, பெட்டி சும்மா கெடந்துச்சு. இந்தாடி, ப்ராஜெக்டுக்கு வச்சுக்கன்னு ஷஹீனாவே பையில போட்டுக் கொண்டாந்து, எங்க வீட்டு ஜன்னல்ல வச்சு, சிக்னலு வருதான்னு பாத்துக் குடுத்துட்டுப் போனா. எங்கம்மா அவளுக்குக் குதிரவாலிச் சோறு ஆக்கிப் போட்டா. அந்தப் பெட்டி திருச்சுழில இருக்குறதா எங்கயோ ஒரு எடத்துல பதிஞ்சு கெடக்கு, நீங்க அத எடுத்து அப்பிடியே புள்ளி வச்சுட்டீங்க. பெட்டி எடம் மாறும், குடுப்பாக வாங்குவாகன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வீட்டு வாசப்படி வரைக்கும் புள்ளி வைக்கிறீங்க. ஒரு வட்டம் போடக் கூடாதா? இங்கிட்டா இருக்கலாம், அங்கிட்டா இருக்கலாம், உறுதியில்லன்னு ஒரு வரி எழுதக் கூடாதா? எழுதுனா வாங்குறவுக வாங்க மாட்டாகளா?

ம். கோவப்படுறீங்க. படுங்க. எனக்கு மட்டும் இருந்தா எப்பிடி.

அடுத்த நாளு காலைல கெளம்பிட்டாக சார். போலீஸு கீலீஸு ஒண்ணுமில்ல. காலேஜு வேனு. மாரீஸ்வரன் சாரு, வாட்ச்மேனு, ஒரு மேடம். நோன்பு பெறக்கப் போகுதுன்னு ஷஹீனா வீட்டுல வெள்ளையடிச்சு, சாமானெல்லாம் வாசல்ல எறக்கி வச்சுருந்துருக்காக. அதுலயே தேடுனாக. அப்புறம் உள்ள போயி பீரோவத் தெறக்கச் சொன்னாக. அவுக அத்தா அனுப்புன பார்சலு, பெருநாளைக்குன்னு வச்சுருந்தது, அதப் பிரிச்சாக. ரஹ்மத்தம்மா, ஷஹீனாவோட அம்மா, எடுத்துக்கங்க எடுத்துக்கங்க, எல்லாத்தையும் பாத்துக்கங்கன்னு அவுகளே ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டுனாகளாம். அழுகல. தெருவே நின்னு பாத்துருக்கு. ஒரு மண்ணும் கெடைக்கல. ஆனா மாரீஸ்வரன் சாரு கெளம்பும்போது என்ன சொன்னாக தெரியுமா? புள்ளி இங்கதாம்மா காட்டுது, மேப்பு பொய் சொல்லாது, நாளைக்குள்ள காலேஜுல வந்து குடுத்துருங்கன்னு.

அன்னைக்கே எனக்குக் கெடச்சுருச்சு. அம்மா வந்தா, சாக்கப் பிரிச்சா, எடுத்துக் குடுத்தா.

எப்பவா? அன்னைக்குத்தான் சார். சாயங்காலம் போயி மாரீஸ்வரன் சாருகிட்ட, சார் கெடச்சுருச்சு, எங்க வீட்டுலதான் இருந்துச்சுன்னு சொன்னேன். அவுக என்னையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாக பாருங்க. ஃப்ரெண்டக் காப்பாத்துறியாக்கும், பயந்து போயி கொண்டாந்து குடுத்துட்டாளான்னாக. இல்ல சார், மல்லி மூட்டைங்குறேன். கம்ப்யூட்டரு என்ன சொல்லுதுன்னு பாரும்மான்னுட்டு உங்க பக்கத்தத் தெறந்தாக. அங்க என்ன இருக்கு? ஒரே ஒரு பட்டனு. மீட்கப்பட்டது. அத அமுக்குனதும் எங்கன்னு நீங்க கேக்கக்கூட இல்ல. கடேசியாப் புள்ளி எங்க இருந்துச்சோ அந்த விலாசத்த நீங்களே நெரப்பிக்கிட்டீங்க. மீட்கப்பட்ட இடம், திருச்சுழி, இன்ன தெரு, இன்ன நம்பரு. பச்ச டிக்கு. யாரும் திருடலன்னு சொல்ல உங்ககிட்ட ஒரு பட்டனு கெடையாது.

எங்கம்மாவக் கூட்டியாந்து சொல்லச் சொல்லிருக்கலாம்னா? சொல்லிருக்கலாம். கூட்டியாரல. அத விடுங்க. அவளுக்குக் காட்டு வேல.

விடுங்கன்னு சொன்னேன்ல.

திங்கக்கெழம பத்து மணிக்கு ஒழுங்குக் கமிட்டி. ஷஹீனாவையும் அவுக அம்மாவையும் வரச் சொல்லிருக்காக. சாட்சி என்னன்னா உங்க பக்கத்துல இருந்து எடுத்த ஒரு பிரிண்டு. ஒரே ஒரு தாளு. அத வச்சு டிசில எழுதிருவாக, நடத்தை திருப்தி இல்லன்னு. மூணு வருசமும் மொத மார்க்கு எடுத்தவ சார். அதுக்கு அப்புறம் எந்தக் கம்பெனி எடுக்கும், உங்க கம்பெனி எடுக்குமா? அவுக அத்தா லீவு போட்டு வாரேங்குறாக. வந்தா மாப்பிள பாக்கத்தான் வருவாக.

அதனாலதான் கேக்குறேன். மத்ததெல்லாம் நீங்க அடுத்த வருசம் செய்யுங்க, வட்டம் போடுங்க, பட்டனு வைங்க. இன்னைக்கு நீங்க மதுரைக்குக் கெளம்புறதுக்குள்ள அந்த ஒரு வரிய மாத்துங்க.

முடியாதா? ஒரு தடவ டிக்கு விழுந்தா யாராலயும் மாத்த முடியாதா? உங்க ஓனராலயுமா? அருமை. சாமி எழுதுன எழுத்தையே பரிகாரம் பண்ணி மாத்துறாக எங்கூருல.

சரி. அப்ப வேற ஒண்ணு கேக்குறேன். மாரீஸ்வரன் சாரு அன்னைக்குக் காலைல ஏன் அம்புட்டு வெரசாக் கெளம்புனாக தெரியுமா? மொத நாளு வந்தது பழைய புள்ளி. காலைல ஒம்போது பன்னெண்டுக்கு அதே வீட்டு மேல புதுசா ஒண்ணு விழுந்துருக்கு. இப்பத்தான் ஆன் பண்ணிருக்கா, கையும் களவுமாப் பிடிச்சுருவோம்னுதான் வேன எடுத்தாக. இந்தா, உங்க பக்கத்துலயே இருக்கு பாருங்க, ஒம்போது பன்னெண்டு. அதுக்குப் பக்கத்துல பொடிசா ஒரு கேமரா மாதிரி போட்டுருக்கே, அது என்ன?

எனக்குத் தெரியும் சார். உங்க வாயால சொல்லுங்க.

ஆமா. திருடப்பட்டதுன்னு அமுக்கிட்டா, அடுத்து யாரு தெறந்தாலும் அது கமுக்கமா ஒரு படம் எடுத்துரும். மூடிக் கெடக்கும்போது எடுக்காது. தெறந்தாத்தான் எடுக்கும். அப்ப ஒம்போது பன்னெண்டுக்கு யாரோ தெறந்துருக்காக. அந்தப் படம் காலேஜுக்கு வராது, உங்ககிட்டத்தான் இருக்கும். ஏன்? ஓ, தனிநபர் உரிமை. ஒரு பொம்பள பீரோவுல இருக்குற துணியத் தெருவே பாக்கலாம், படத்த மட்டும் பாக்கக் கூடாது.

புகார் குடுத்தவுக எழுதிக் கேட்டா குடுப்பீங்களா? அப்பிடி ஒரு வழி இருக்கா? இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உங்க விதிமுறை பதினோரு பக்கத்தையும் வாசிச்சவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். புகார் குடுத்தது நான். இந்தா, எழுதியே கொண்டாந்துருக்கேன். கையெழுத்துப் போட்டுருக்கேன். தேதி போட்டுருக்கேன். புகாரு நம்பரு கரெக்டான்னு பாத்துக்கங்க. தெறங்க.

சுத்துது. சுத்தட்டும். இந்த லேபுல நெட்டு இப்பிடித்தான்.

அன்னைக்கு அந்த வீட்டுல தேடிக்கிட்டு இருக்கும்போதே ஷஹீனா எனக்குப் போன் அடிச்சா சார். நாலு தடவ. நான் எடுக்கல. அப்புறம் ஒரு வாய்ஸு அனுப்புனா. ஏடி காளி, உன் லேப்டாப்ப என் வீட்டுல தேடுறாகடி, நீ சாருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுடி, நீ சொன்னாக் கேப்பாகடின்னு. பின்னால பாத்திரம் உருளுற சத்தம் கேக்கும். பதினாலு செகண்டு. அழிக்கல, இன்னும் வச்சிருக்கேன்.

என்ன சார், வந்துருச்சா? படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க.

ஆமா. நாந்தான். இந்தச் சுடிதாருதான் அன்னைக்கும். பின்னால மல்லிய அள்ளிக்கிட்டு இருக்குறது எங்கம்மா. கமுதில இருந்து மொத பஸ்ஸுக்கே வந்துட்டா. வந்ததும் வராததுமா சாக்கப் பிரிச்சு எடுத்துக் குடுத்தா, ஓடுதான்னு பாக்கத் தெறந்தேன். ஒம்போதரைக்கு மாரீஸ்வரன் சாரு போன் போட்டாக. புள்ளி விழுந்துருச்சும்மா, கெளம்புறோம், நீயும் வாரியான்னாக. லேப்டாப்பு என் மடில இருந்துச்சு. வாசல்ல எங்கப்பா நின்னாரு. பொய்ப் புகாருன்னு தெரிஞ்சா என்ன ஆகும்னு அந்தப் பொடி எழுத்து கண்ணு முன்னாடி வந்துச்சு. போயித் தேடுவாக, இல்லைன்னா திரும்பி வந்துருவாக, சாயங்காலம் பைய்யச் சொல்லிக்கிருவோம்னு நெனச்சேன். நீங்க போங்க சார்னு சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன்.

அதக் கலருலயே பிரிண்டு எடுங்க. நேரம் தெளிவா விழணும். ரெண்டு காப்பி. ஒண்ணு கமிட்டிக்கு, ஒண்ணு ரஹ்மத்தம்மாகிட்ட நானே கொண்டு போயிக் குடுக்கணும்.

இங்கிட்டு கொஞ்சம் திருப்புங்க, நான் இன்னும் பாக்கல.

சிரிச்சுக்கிட்டு இருக்கேன்ல. கெடச்சுருச்சேன்னு.